திண்ணையில ஒரு சீட் போடுங்க!

ஹாஸ்டல்ல இருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடிச்சு ஊருக்குப் போற பார்ட்டியா நீங்க? அப்போ உங்க வீக் எண்ட் எப்படி இருக்கும்னு நான் சொல்லவா? சனிக்கிழமை பத்து மணி வரைக்கும் தூக்கம். எழுந்ததும் கையில செல்போன். சாப்பிடும்போது ஒரு கையில இட்லி, இன்னொரு கையில செல்போன். சாயங்காலம் ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸோட ஒரு ரவுண்டு. ஞாயிறு மதியம் பிரியாணி, ராத்திரி மறுபடியும் பஸ். பைக்குள்ள அம்மா துவைச்சு மடிச்சு வெச்ச துணி பத்திரமா இருக்கும். வீட்டுக்குப் போனது நிஜம். ஆனா, வீட்ல இருந்தோமான்னு கேட்டா... ம்ஹூம்!

‘கொஞ்சம் நிதானமா வாழணும்ப்பா’ன்னு இப்போ எல்லாரும் சொல்றாங்க. அதுக்கு மலை ஏறணும், ரிசார்ட்ல ரூம் போடணும்னு ஒரு நினைப்பு. நான் உங்களைக் கூட்டிட்டுப் போகப் போறது மலைக்கும் இல்லை, கடலுக்கும் இல்லை... வீடுகளுக்கு! நிதானமா இருக்கறதுக்குன்னே பார்த்துப் பார்த்துக் கட்டின வீடுகள் தெருத் தெருவா நிக்கிற செட்டிநாட்டுக்கு!

முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு

எழும்பூர்ல பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினா, கடைசி ஸ்டேஷன் காரைக்குடி. திருச்சி, மதுரை மக்களுக்கு இன்னும் ஈஸி. ரெண்டு ஊர்ல இருந்துமே ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். காரைக்குடியில இறங்கி பஸ் பிடிச்சா கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர்னு அடுத்தடுத்து வந்துடும். செட்டிநாடுங்கறது ஒரே ஊர் இல்லை பாஸ். சிவகங்கை, புதுக்கோட்டைன்னு ரெண்டு மாவட்டத்துல பரவிக் கிடக்கிற ஊர்க்கூட்டம். ஒரு காலத்துல 96 ஊர்கள் இருந்ததாம். இப்போ மிச்சம் இருக்கிறது 75. எல்லாம் நகரத்தார்னு சொல்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோட ஊர்கள். 2014-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியல்லயும் இடம் பிடிச்சாச்சு.

கானாடுகாத்தான்ல ஒரு மதியம் நடந்து பாருங்க. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேர்த் தெருக்கள். வீட்டோட முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. நான் போனப்போ தெருவுல இருந்தது ரெண்டே பேர்... நானும் ஒரு ஆடும்தான். அந்த ஆடும் என்னைப் பார்த்து அவசரப்படலை!

படி ஏறினதும் ரெண்டு பக்கமும் திண்ணை. யோசிச்சா திண்ணை ஒரு சூப்பர் ஐடியா. அது வீட்டுக்குள்ளயும் இல்லை, தெருவுலயும் இல்லை. கணக்கு எழுதறது, கல்யாணம் பேசறது, பக்கத்து வீட்டுக்காரரை வம்புக்கு இழுக்கறது, வழிப்போக்கர் தலை சாய்க்கறது... எல்லாம் அங்கேதான். காலிங் பெல் அடிச்சுக் காத்திருக்கற கதையே கிடையாது. வந்தவர் உட்கார முதல்லயே இடம் போட்டு வெச்சுட்டாங்க.

உள்ளே போனா வளவு. நடுவுல வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றம், சுத்திலும் தூண் வெச்ச தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையா அறைகள். அதைத் தாண்டினா இரண்டாங்கட்டு. அதுக்கும் பின்னாடி அடுப்படி, கிணறு, ஆட்டுக்கல், அம்மி. வாசல்ல நின்னு பார்த்தா, கதவுக்குள்ள கதவா கடைசி வாசல் வெளிச்சம் வரைக்கும் தெரியும்.

சிவில், மெக்கானிக்கல் பசங்க இங்கே கொஞ்சம் நில்லுங்க. முற்றம் சும்மா அழகுக்கு இல்லை. வீட்டுக்குள்ள சூடாகிற காத்து அது வழியா மேல போயிடும். தாழ்வார நிழல்ல குளுகுளுன்னு இருக்கும். சுவரைத் தொட்டா பளிங்கு மாதிரி வழவழன்னு இருக்கே, அது பெயின்ட் கிடையாது. சுண்ணாம்பை மணலோட அரைச்சு, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசினது. ஒரு பூச்சு காயணும், அதுக்கு மேல அடுத்த பூச்சு. கடைசியா உட்கார்ந்து தேய்ச்சுத் தேய்ச்சு மெருகு ஏத்தணும். மழை பெய்ஞ்சா நாலு பக்கத்துக் கூரைத் தண்ணியும் முற்றத்துக்குத்தான் வரும். வறண்ட பூமியாச்சே, அண்டா அண்டாவா பிடிச்சு வெச்சுக்குவாங்க.

அந்த வீட்டுல வெயில் எந்தத் தூண்ல விழுதுன்னு பார்த்தே மணி சொல்லலாம். வாசல்ல இருந்து அடுப்படிக்குப் போகணும்னாலும் வழியில ரெண்டு தடவை வானத்தைப் பார்த்துட்டுத்தான் போகணும். ‘நிதானமா இரு’ன்னு யாரும் அட்வைஸ் பண்ணலை. வீட்டோட பிளானே அதைப் பார்த்துக்குது!

காலுக்குக் கீழே ஒரு பாடம்

அந்த வீடுகள்ல நிறைய இடத்துல தரையில பூப்பூவா ஜொலிக்கிறது ஆத்தங்குடிக் கல். ஊருக்கே போனா, எப்படிச் செய்யறாங்கன்னு பட்டறையில நின்னு பார்க்கலாம். ஒரு கண்ணாடித் துண்டு மேல சட்டம் வெச்சு, அதுக்குள்ள டிசைன் அச்சை வைக்கறாங்க. கலர் சேர்த்த சிமென்ட் கரைசலை ஒவ்வொரு பூவுக்கும் இலைக்கும் கரண்டியால ஊத்தறாங்க. கை நடுங்கினா ரோஜாவுக்குப் பச்சை கலர் வந்துடும். அச்சை மெதுவா தூக்கிட்டு, மேல காய்ஞ்ச சிமென்ட் மணலைத் தூவி, அதுக்கும் மேல ஈரச் சிமென்ட்டை வெச்சு அமுக்கிச் சமன் பண்றாங்க. அவ்வளவுதான், மனுஷன் வேலை முடிஞ்சது.

அடுப்பு கிடையாது, சூளை கிடையாது. மிச்சத்தைத் தண்ணியும் காலமும் பார்த்துக்கணும். காய்ஞ்சதும் தொட்டித் தண்ணியில சில நாள் ஊறணும். அப்புறம் வெளியே எடுத்துக் காய வெச்சா கண்ணாடி கல்லை விட்டுத் தானா விலகும். அவசரப்பட்டுப் பிடுங்கினா பூ போச்சு! சிமென்ட் கெட்டியாகிறதுக்குத் தண்ணியும் நாளும் வேணும்னு நாம லேப்ல படிக்கிற அதே ‘க்யூரிங்’தான் இது. நமக்கு ரெண்டு மார்க் கேள்வி. ஆத்தங்குடிக்காரங்களுக்குப் பொழைப்பு.

இன்னொரு விசேஷம், இந்தக் கல்லு போட்ட அன்னைக்கு இருக்கறதை விட, நாளாக நாளாகத்தான் பளபளப்பு ஏறும். துடைக்கத் துடைக்க, கால் பட்டுப் பட்டு மெருகு கூடும். ஆள் நடமாட்டமே இல்லாத வீட்டுல அழுக்கேறி மங்கிப் போயிடும்.

வீடு இருக்கு... ஆள்?

இதுவரைக்கும் படிச்சுட்டு ‘ஆஹா, வாழ்ந்தா அங்கே வாழணும்’னு ஃபீல் பண்றீங்களா? நானும் அந்த மூடுலதான், ஒரு வீட்டுல இருந்த ஆச்சிகிட்ட கேட்டேன். “இவ்வளவு பெரிய வீட்டுல நிதானமா, ஜாலியா இருக்கும் இல்ல ஆச்சி?”

ஆச்சி சிரிச்சாங்க. “பெருக்கி முடிக்கவே மத்தியானம் ஆயிரும் தம்பி. இதுல நிதானம் எங்க? அந்தக் காலத்துல ஆம்பளைகளுக்குத் திண்ணை. எங்களுக்கு அம்மி!”

பொட்டுன்னு மண்டையில கொட்டின மாதிரி இருந்தது. நாம ரசிச்ச அந்த முற்றத்துல வத்தல் காய வெச்சது யாரு? வெயில் எந்தத் தூண்ல விழுதுன்னு பார்த்துப் பார்த்து அதைத் திருப்பிப் போட்டது யாரு? ஒருத்தர் திண்ணையில சாய்ஞ்சு நிதானமா இருக்க, பின்கட்டுல பத்துப் பேர் ஓடிக்கிட்டே இருந்திருக்காங்க. வீட்டுப் பெண்கள், கூலிக்கு வந்த ஆட்கள்... அவங்க யாரும் ஃபோட்டோவுல வர்றதில்லை.

சரி, அந்தத் திண்ணையிலயாவது செட்டியார் உட்கார்ந்தாரா? அதுதான் இல்லை! அவர் ரங்கூன்ல இருந்தார். இல்லேன்னா பினாங்கு, கொழும்பு, சைகோன்ல. கடல் தாண்டி வட்டிக்கடை நடத்தின காலம் அது. ஏஜென்ட்டா போறவருக்கு வழக்கமா மூணு வருஷக் கணக்கு. அது முடிஞ்சாதான் ஊர்ப் பக்கம் தலை காட்டலாம். நம்மளை விடச் சின்னப் பசங்க எல்லாம் ‘பெட்டியடிப் பையன்’னு கடையில சேர்ந்து கணக்குப் பழகியிருக்காங்க. அங்கே சம்பாதிச்சதை இங்கே பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடின்னு இறக்கி வீடு கட்டினாங்க. வீடு கட்டறதுக்காக வீட்டை விட்டே போனாங்க!

1942-ல ரங்கூன் ஜப்பான்காரங்க கைக்குப் போச்சு. எத்தனையோ இந்தியர்கள் கால்நடையாவே ஊர் திரும்பினாங்க. 1948-ல பர்மாவுக்குச் சுதந்திரம் கிடைச்ச கையோட நிலத்தை நாட்டுடைமை ஆக்கற சட்டமும் வந்தது. அங்கே போட்ட பணத்துல பெரும்பகுதி போனது போனதுதான். அடுத்த தலைமுறை சென்னை, பெங்களூரு, அமெரிக்கான்னு கிளம்பிடுச்சு. இப்போ பல வீடுகள் கல்யாணம், கோயில் விசேஷம்னாதான் திறக்குது. மத்த நாள்ல ஒரு வாட்ச்மேன், ஒரு பெரிய சாவிக்கொத்து. சில வீடுகள் ஹோட்டலா மாறிடுச்சு. பராமரிக்க முடியாத சிலதைப் பிரிச்சு வித்துட்டாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல வரிசையா பழம்பொருள் கடைகள். கதவு, தூண், பீங்கான் தூக்கு, யாரோட பேரோ வெட்டின பித்தளைச் சட்டி எல்லாம் விலைக்குக் கிடைக்கும். தூணை வாங்கிடலாம் பாஸ். அதுல சாய்ஞ்சு உட்கார்ற நேரம் எந்தக் கடையில கிடைக்கும்?

ஒரு சின்னக் கணக்கு

இஞ்சினீயரிங் படிக்கிறவன் கணக்குப் போடாம இருந்தா எப்படி? கேம்பஸ் இன்டர்வியூவுல செலக்ட் ஆகி வெளியூர் போயிட்டீங்கன்னு வைங்க. பொங்கல், தீபாவளி, ஒண்ணு ரெண்டு கல்யாணம்... எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 15 நாள் வீட்ல இருப்பீங்களா? பத்து வருஷத்துக்கு 150 நாள். அதாவது அஞ்சே மாசம்! அப்பா, அம்மாவோட ஒரே கூரைக்குக் கீழே அடுத்த பத்து வருஷத்துல நமக்குக் கிடைக்கப் போறது அவ்வளவுதான். செட்டியார் கப்பல் ஏறினார், நாம வால்வோ பஸ் ஏறுறோம். ‘நல்லா சம்பாதிச்சு செட்டில் ஆனதும் வீட்ல நிம்மதியா இருக்கலாம்’னு சொல்றவங்க, கானாடுகாத்தான்ல பூட்டின வாசல் முன்னாடி ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வந்து சொல்லட்டும்.

அப்போ என்னதான் பண்றது? ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்ல முற்றத்துக்கு எங்கே போறது? வேண்டாம். அந்த வீடுகள்ல இருந்து மூணே மூணு விஷயத்தை மட்டும் சுட்டுட்டு வந்திருக்கேன்.

முதல்ல ஒரு திண்ணை. பால்கனி, மாடிப்படி, வாசல்ல ஒரு பிளாஸ்டிக் சேர்... எதுவா இருந்தாலும் ஓகே. ஊருக்குப் போனா தினமும் ஒரு அரை மணி நேரம் அங்கே உட்காரணும். செல்போனுக்கு அங்கே இடம் கிடையாது. முதல் நாள் கை பரபரக்கும். ரெண்டாவது நாள் எதிர் வீட்டுத் தாத்தா ‘எந்தக் காலேஜ் தம்பி?’ன்னு ஆரம்பிப்பார். மூணாவது நாள் அப்பாவே ஒரு சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா ஆச்சரியப்படாதீங்க.

ரெண்டாவது, ஒரு அடுப்பு. நகரத்தார் வழக்கத்துல ‘வேறு வைக்கறது’ன்னு ஒண்ணு உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் புதுத் தம்பதிக்கு அதே வீட்டுக்குள்ள தனி அடுப்பு கொடுத்துடுவாங்க. ஒரே கூரை, தனித்தனி சமையல். வரவு செலவு உங்க பொறுப்பு, வாழப் பழகிக்கங்கன்னு அர்த்தம். நாம கல்யாணம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வீட்டு வேலையில ஒண்ணே ஒண்ணை முழுசா நம்ம பேருக்கு எழுதி வாங்கிக்கலாம். ‘ஹெல்ப் பண்றேன்மா’ங்கறது வேற, ‘இது என் வேலை’ங்கறது வேற. ஞாயித்துக்கிழமை காலை டிபன் உங்களோடதுன்னா, சட்னிக்குத் தேங்காய் இருக்கான்னு சனிக்கிழமையே உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். வெங்காயம் நறுக்கும்போது செல்போன் பார்க்க முடியாது. அதை விட நல்ல தியானம் எனக்குத் தெரிஞ்சு எதுவும் இல்லை!

மூணாவது, ஒரு பொருள். பித்தளைச் சட்டியில பேர் வெட்டினது ஏன்? அது தொலையக் கூடாது, பேத்தி காலத்துலயும் புழங்கணும்னு. வீட்ல ஓரமா கிடக்கிற குடை, மிக்ஸி, அப்பாவோட பழைய சைக்கிள்... ஏதாவது ஒண்ணைப் புதுசு வாங்காம சரி பண்ணிப் பாருங்க. நாலு வருஷம் நாம இஞ்சினீயரிங் படிச்சதுக்கு வீட்டுக்கு அதுவாவது லாபமா இருக்கட்டுமே!

இந்த மூணையும் செஞ்சா வீடு நிதானமாச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒரே டெஸ்ட்தான். நீங்க எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்தீங்கன்னு பார்க்காதீங்க. அம்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்தாங்கன்னு பாருங்க. நீங்க சோபாவுல சாய்ஞ்சிருக்க, அவங்க கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடந்துகிட்டே இருந்தா, அது பழைய கதைதான்... நமக்குத் திண்ணை, அவங்களுக்கு அம்மி!

செட்டிநாட்டுக்கு எப்போ வேணும்னாலும் போகலாம். நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போனா வெயில் கொஞ்சம் கருணை காட்டும். அதுக்கு முன்னாடி இந்தச் சனிக்கிழமையே ஒண்ணு பண்ணுங்க. திண்ணை எங்கேன்னு முடிவு பண்ணிட்டு, ரெண்டு டம்ளர் காபி போட்டு எடுத்துட்டு வாங்க. முதல் சீட் அம்மாவுக்கு. சர்க்கரை எந்த டப்பாவுல இருக்குன்னு மட்டும் அவங்ககிட்ட கேட்காதீங்க, ப்ளீஸ்!