கேட்டறிதலின் அறம்

செட்டிநாட்டு மாளிகைகளை ஆராய வருவோர் வீட்டுக்காரரிடம் இசைவு கேட்கின்றனர். ஆனால், அவற்றின் சுண்ணாம்புச் சாந்தின் பக்குவம் அறிந்த கொத்தனாரிடமும், கண்ணாடியின்மேல் வண்ணக் கலவை ஊற்றி ஆத்தங்குடிக் கல் வார்ப்பவரிடமும், பனையோலைக் கொட்டான் முடையும் பெண்களிடமும் இசைவு கேட்போர் எத்தனை பேர்?

எங்கள் பங்கின் இளைஞர் சிலர் இத்தொழில்களைத் தாங்களே ஆராய்ந்து தொகுக்க முன்வந்துள்ளனர். “நம் ஊரை நாமே ஆராய்வதற்கு விதிமுறை எதற்கு?” என்று அவர்களுள் ஒருவர் வினவினார். அவ்வினா அகத்தியமலைக் காணி மக்களை எனக்கு நினைவூட்டியது.

1987-இல் அம்மலைக்குச் சென்ற அறிவியலாளர்கள், தங்களுக்கு வழிகாட்டிய காணிகள் ஒரு காட்டுக் கனியைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அக்கனி தரும் செடியே ஆரோக்கியப்பச்சை. கேரளத்தின் பாலோடு ஊரிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை ஆர்ய வைத்திய ஃபார்மசிக்கு உற்பத்தி உரிமை வழங்கி, உரிமத் தொகையான 10 இலட்சம் ரூபாயிலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணிகளுக்கென ஒதுக்கியது. 1997-இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. இத்தகைய பகிர்வை வலியுறுத்தும் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் நம் நாட்டில் 2002-இல்தான் பிறந்தது. சட்டம் கேட்குமுன்பே செய்த நீதி அது!

எனினும், ஒரு மனக்குறை எஞ்சியது. செடியைக் காட்டியவர்கள் சிலரே. அந்த அறிவோ மலையெங்கும் பரந்து வாழும் காணிகளின் பொதுச்சொத்து. பிற பகுதிக் காணிகள் பலர், தங்களைக் கலந்து பேசவில்லையே என்று வருந்தினர். பங்கு கொடுப்பது, முன்கூட்டியே கேட்பதற்கு ஈடாகாது அன்றோ?

இளைஞர்களுக்கான விடையும் இதிலேயே உள்ளது. ஊருக்குள் பிறந்ததால் மட்டும் ஊராரின் இசைவு நமக்குக் கிடைத்துவிடாது. உறவினர் என்பதாலேயே மறுத்துச் சொல்லத் தயங்குவோரும் உண்டு. ஆதலால், நோக்கத்தை முதலில் விளக்க வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் வருத்தமின்றி விலக வேண்டும். ஒருவரின் வண்ணக் கலவை அளவு அச்சேறினால் அவர் பிழைப்பு என்னவாகும் என்று எண்ண வேண்டும். எழுதியதை அவர்கள்முன் வாசித்துக் காட்டி, பெயரை இடுவதா மறைப்பதா என்பதை அவர்களிடமே விட வேண்டும்.

அறிவைத் தேடுவது நற்செயல். அதைக் காத்து வைத்திருப்பவரின் மாண்பைப் பேணுவது அதனினும் முந்திய கடமை.