பழைய தோற்றமும் புதிய வேகமும்

வேலைக்குச் செல்லத் தொடங்கிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்பொழுது ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "பெரிய வண்டி வாங்கிக்கொள்ளட்டுமா?" என்பதே அது. பெற்றோரில் சிலர் விலையைக் கேட்டவுடன் மறுத்துவிடுகின்றனர். சிலர் பிள்ளையின் முகவாட்டத்தைக் காணப் பொறுக்காமல் இசைந்துவிடுகின்றனர். இரண்டு வகை வீடுகளிலும் வண்டியைப் பற்றிய பேச்சு மட்டும் நடப்பதில்லை.

சென்ற மாதம் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. கேட்டவர் என் தங்கை. மச்சான் வஃபாத்தாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். அவன் ஆசைப்படுவது ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. "காக்கா, நீங்க வேணாம்னு சொன்னா அவன் வாங்கமாட்டான். ஆனா பார்க்காமச் சொல்லிடாதீங்க" என்றாள் தங்கை. அவள் கேட்டது நியாயம். ஆகவே அந்த வண்டியைப் பற்றிப் படித்தேன். அதை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்று, இராமநாதபுரத்திலிருந்து தொண்டி வரை ஓட்டியும் பார்த்தேன்.

முதலில் அதன் வரலாறு. ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெடிச் நகரில் வளர்ந்த நிறுவனம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் இணைந்து நம் நாட்டில் என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாகத் தொடங்கின. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோக, சென்னையில் அது தொடர்ந்தது. இன்டர்செப்டர் என்பது 1960களில் அங்கே செய்யப்பட்டு, அமெரிக்கச் சாலைகளில் பெயர் பெற்ற ஒரு வண்டியின் பெயர். அந்தப் பெயரையும் வடிவத்தையும் மீட்டெடுத்து, 2017 நவம்பரில் மிலான் கண்காட்சியில் புதிய வண்டியைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அது இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

தோற்றத்தில் அது அறுபதுகளின் வண்டிதான். வட்ட முகப்பு விளக்கு, கண்ணீர்த்துளி வடிவப் பெட்ரோல் டேங்க், நீண்ட தட்டையான இருக்கை, இருபுறமும் பளபளக்கும் இரண்டு புகைக்குழாய்கள். காற்றைத் தடுக்கும் கண்ணாடி இல்லை. முதுகை வளைக்காமல் நிமிர்ந்து அமரலாம். இவ்வகை வண்டியையே ரோட்ஸ்டர் என்கிறார்கள். பந்தய வண்டிகளைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்களும் இதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வாப்பாவிடம் ஒரு 350 புல்லட் இருந்தது. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில் இருந்த காலத்து வண்டி. அதன் ஓசை தெருமுனையில் கேட்டதும் உம்மா உலை வைப்பார்கள். மருமகன் காட்டிய படத்தைக் கண்டதும் தங்கையின் மறுப்பு பாதி கரைந்ததற்கு அந்த நினைவே காரணம் என்று எண்ணுகிறேன்.

ஆனால் உள்ளே இருப்பது வேறு. வாப்பாவின் புல்லட் ஏறத்தாழ 18 குதிரைத்திறன் கொண்டது. இன்டர்செப்டரின் 648 சி.சி. இரட்டை உருளை இயந்திரம் 47 குதிரைத்திறன் தருகிறது. இழுவிசை 52 நியூட்டன் மீட்டர். ஆறு கியர்கள். அதிர்வைத் தணிக்க உள்ளேயே ஒரு சமன்செய்யும் தண்டு சுழல்கிறது. தேவிபட்டினத்தைக் கடந்து, வெறிச்சோடிய நேர்ச்சாலையில் கைப்பிடியைச் சற்றே திருகினேன். ஆரவாரம் இல்லை, அதிர்வு இல்லை. பின்னாலிருந்து ஒரு பெரிய கை மெல்லத் தள்ளுவதுபோல் இருந்தது. அறுபதில் போகிறோம் என்ற எண்ணத்துடன் முள்ளைப் பார்த்தேன். அது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. அந்தப் பயணம் இனிமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கடற்காற்று, தாழ்ந்த குரலில் இயந்திரத்தின் ஓசை, எதற்கும் திணறாத ஓட்டம். ஐம்பதைக் கடந்த எனக்கே இறங்க மனம் வரவில்லை என்றால், இருபத்தைந்து வயதுக்காரனுக்கு எப்படி இருக்கும்!

இந்த இனிமைக்குள்தான் ஆபத்தும் இருக்கிறது. அக்கால வண்டிகள் வேகம் கூடக்கூட அதிர்ந்தன, இரைந்தன, கைகளை மரத்துப்போகச் செய்தன. "போதும்" என்று வண்டியே சொல்லிவிடும். இதற்கு அந்த நாக்கு இல்லை. சொல்ல வேண்டியவர் ஓட்டுபவரே. நிறுத்தும் திறன் நன்றாகவே இருக்கிறது. இரு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் உண்டு. ஆயினும் வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற கணக்கை எந்தப் பிரேக்கும் மாற்றாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊருக்கு ஊர் ஆடுகள் குறுக்கே வருகின்றன. பள்ளி விட்டால் பிள்ளைகள் வருகின்றனர். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

அன்றாடப் பயன்பாட்டிலும் சில குறைகள் உண்டு. எரிபொருள் இல்லாமலேயே எடை 200 கிலோவுக்கு மேல். ஓடும்போது தெரியாத இந்த எடை, குறுகிய சந்தில் தள்ளித் திருப்பும்போது தெரியும். காற்றாலும் எண்ணெயாலும் குளிரும் இயந்திரம் ஆதலால், சென்னை நெரிசலில் நின்று நின்று செல்லும்போது சூடு கால்களுக்கு ஏறும். கம்பிச் சக்கரம் உள்ள வண்டிகளில் டயருக்குள் ட்யூப் இருக்கும். பஞ்சரானால் சாலையோரத்தில் எளிதில் சரிசெய்ய இயலாது. 2023 முதல் ட்யூப் இல்லாத டயருடன் அலாய் சக்கரம் கொண்ட வகையும் கிடைக்கிறது. முன்னே தடுப்பு இல்லாததால் நெடும்பயணத்தில் காற்று நெஞ்சில் அறைந்துகொண்டே இருக்கும். தட்டையான பின்னிருக்கை ஒரு மணி நேரத்துக்கு மேல் அமர்பவருக்குச் சுகம் தராது. நாளை திருமணமாகி மனைவியையும் குழந்தையையும் ஏற்றிச் செல்ல நினைப்பவர் இதை இன்றே எண்ணிப்பார்க்க வேண்டும். நான்கு வயதைக் கடந்த எவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது சட்டம். பின்னால் அமர்பவருக்கும் அது பொருந்தும்.

இனி பணம். 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி 40 விழுக்காடு. சாலைக்கு வரும்போது இந்த வண்டியின் விலை மூன்றரை இலட்சத்தைத் தாண்டிவிடுகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான் கிடைக்கும். மருமகன் மாதத் தவணையில் வாங்கலாம் என்று திட்டமிட்டிருந்தான். தவணை என்றால் வட்டி. வாப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் அந்தக் கதவு மூடியே இருக்கிறது; ஓர் ஆசைக்காக அதைத் திறப்பதற்கு நான் துணைநிற்க முடியாது என்று அவனிடம் கூறினேன்.

வேண்டாம் என்று மட்டும் சொல்லி முடிக்கவில்லை. தங்கையை அருகில் வைத்துக்கொண்டே அவனிடம் மூன்று செய்திகளைச் சொன்னேன். முதலாவது, கையிருப்புப் பணம் சேரட்டும்; அதற்கு இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று அவனே கணக்கிட்டான். இரண்டாவது, அதுவரை வீட்டில் இருக்கும் 350 வண்டியையே ஓட்டட்டும். 20 குதிரைத்திறனில் நிதானம் பழகாத கை 47இல் பழகாது. மூன்றாவது, வண்டிக்கு முன்பாகவே தரமான தலைக்கவசம், கையுறை, பாதுகாப்பு மேற்சட்டை ஆகியவற்றை வாங்கிவிடட்டும். ஊருக்கு வரும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தை இரவில் மேற்கொள்ளக் கூடாது.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மாமா, நீங்க ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றீங்க. அதனாலதான் கேட்டுக்கிறேன்" என்றான். மறுவாரம் தலைக்கவசம் வாங்கிப் படம் அனுப்பினான். தங்கை அதைத் தன் கைபேசியில் சேமித்து வைத்திருக்கிறாள்.

பிள்ளைகள் இத்தகைய ஆசையுடன் வரும்போது பெரியவர்கள் அந்த இருக்கையில் ஒருமுறை அமர்ந்து பார்ப்பது நல்லது. அதன் அழகை ஒப்புக்கொண்ட பிறகு அதன் குறையைச் சொன்னால், பிள்ளைகள் காதுகொடுக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அவன் மனம் அதே வண்டியை நாடினால், இன்ஷா அல்லாஹ், கடைக்கு நானும் உடன் செல்வேன். சாலையில் செல்லும் நம் பிள்ளைகள் யாவரையும் நலமுடன் வீடு சேர்க்க அல்லாஹ் போதுமானவன்.