எழுத்தில்லாத கல்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திமார்பூரிலிருந்து ரிட்ஜ் காட்டு வழியாக அஜித்கர் வரை நடப்பேன். 1857இல் தில்லியைப் பிடிக்க வந்து செத்த கம்பெனிப் படைக்காக 1863இல் எழுப்பிய செம்மணற்கல் கோபுரம். எந்தப் படைப்பிரிவில் வெள்ளைக்காரர் எத்தனை, இந்தியர் எத்தனை என்று கணக்கெல்லாம் கல்லில் இருக்கிறது. எதிர்த்து நின்றவர்களுக்கு ஒரே பெயர்தான்: ‘எதிரி’. 1972இல் நம் அரசு பக்கத்தில் ஒரு பலகை வைத்து, அந்த எதிரிகள் விடுதலைக்காகப் போராடியவர்கள் என்று திருத்தியது. எல்லாவற்றையும் என்னால் படிக்க முடிகிறது. படித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டியதில்லை.

அதுதான் வலிக்கிறது.

எங்கள் கரிசல் பக்கத்துக் கல்லுக்கு எழுத்து தேவைப்பட்டதில்லை. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறில், சிவாஜி கணேசன் நிலம் வாங்கிச் சிலை வைப்பதற்கு முன்பு இருந்தது ஒரு கற்குவியல். அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுப் போட்டு வளர்ந்தது என்பார்கள். சிலை வந்த பிறகும் தாத்தா அந்தப் பழக்கத்தை விடவில்லை. கோவில்பட்டி பஸ்ஸை விட்டு இறங்கியதும், “ஏலே, வெறுங்கையோட நிக்காத, ஒரு கல்ல எடு” என்பார். வெயிலில் சுட்ட கல். இங்கே ஹீட்டரின் முன்னால் எவ்வளவு நேரம் கையை நீட்டினாலும் அந்தச் சூடு வருவதில்லை.

ஒட்டப்பிடாரம் பக்கம் வெள்ளைக்காரர் கல்லறைகள் உண்டு. கட்டபொம்மனின் ஊரான பாஞ்சாலங்குறிச்சியில் நடந்த சண்டைகளில் செத்த அதிகாரிகள். அவற்றில் எழுத்தும் உண்டு. தாத்தாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனாலும் அந்த இங்கிலீஷ் எழுத்துகளின் மேல் சுட்டுவிரலை ஓட்டி ‘வாசிப்பார்’. முயல் வேட்டைநாயைத் திருப்பி விரட்டியதைக் கண்டு அந்த மண்ணில் கோட்டை கட்டியது, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து ஆறே நாளில் அதை மறுபடி எழுப்பியது, 1801 மே மாதம் கோட்டை விழுந்ததும் கம்பெனிக்காரன் இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்து, ஊர்ப்பெயரையே பதிவேட்டிலிருந்து அடித்தது என்று எல்லாமே அவருக்கு அந்த ஒரு பலகையில் இருந்தன. குலதெய்வம் ஜக்கம்மாவின் பெயர் வரும்போது குரல் தாழும். உள்ளே கிடப்பவனையும் விட்டுவிட மாட்டார்: “இவனுக்கும் ஒரு ஆத்தா இருந்திருப்பாள்லா.”

ஒன்பதாம் வகுப்பில் அந்தக் கல்லை நானே படித்தேன். பேர், பதவி, தேதி. முயலும் இல்லை, ஜக்கம்மாவும் இல்லை. தாத்தாவிடம் சொல்லவில்லை. அவர் இருந்தவரை சொல்லவில்லை.

உங்களுக்கும் அப்படித் தப்பாகப் படித்துக் காட்டிய ஒருவர் இருந்திருப்பார். சரியாகப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்துதான் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைக்க ஆரம்பித்திருப்பீர்கள்.

கயத்தாறைத் தொட்டுப் போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் தில்லிக்குள்ளும் வருகிறது. ஒரே சாலை! இந்த ஆறுதலை நானே எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஜக்கம்மா கோயில் திருவிழா வீடியோ வருஷம் தவறாமல் போனில் வருகிறது. பின்னால், 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. தெளிவான படம், மேளச் சத்தம்கூடத் துல்லியம். பார்த்து முடித்ததும் வீடு இன்னும் அமைதியாகிவிடுகிறது.

போன வாரம் நல்ல மூடுபனி. அஜித்கரில் யாரும் இல்லை. ‘எதிரி’ என்ற சொல்லின் மேல் சுட்டுவிரலை வைத்து, “ஒரு ஊர்ல ஒரு மொசலு…” என்று ஆரம்பித்தேன்.

கல் சில்லென்றிருந்தது. படிக்கட்டில் காவலாளியின் செருப்புச் சத்தம். கையை எடுத்துக்கொண்டேன்.