சமவெளி வண்டியும் மலைநாட்டு வீதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்து வளர்ந்தவர்க்கு மலை என்பது பெரும்பாலும் புத்தகத்திற் படிக்கும் பொருளே. கீரிமலைக்குப் பெயரில் மாத்திரம் மலை உண்டு. எங்கள் வீதிகள் தட்டையானவை. அவற்றில் ஓடும் வண்டியின் குறைகள் எளிதில் வெளிப்படுவதில்லை. அதனை நுவரெலியாவுக்கு ஏற்றி இறக்கிப் பார்த்தாலன்றோ உண்மை தெரியும்!

2025 ஆகஸ்ட் விடுமுறையில், சுன்னாகச் சந்தை வியாபாரி ஒருவரின் பிக்கப் வண்டியில் அவ்வழியே செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. போகும்போது சின்ன வெங்காயமும் பனங்கட்டியும். வரும்போது கரட்டும் லீக்ஸும். வண்டி முப்பது வயதை எட்டிய ரொயோட்டா ஹைலக்ஸ், டீசல் எஞ்சின். சாரதி அறுபதைக் கடந்தவர். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை மாஸ்டர் என்பார்.

விடியற்காலை நான்கு மணிக்கு அவர் செய்த காரியங்களைக் கண்டபோது, பூசைக்கு ஆயத்தஞ் செய்யும் குருக்களின் நினைவே எனக்கு வந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஒயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் இட்டெடுத்து, இரு குறிகளுக்கும் இடையில் ஒயில் நிற்கிறதா என்று நோக்கினார். றேடியேற்றரின் நீர் மட்டத்தைப் பார்த்தார். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். வண்டி நின்ற தரையைக் குனிந்து நோக்கி, ஒழுக்கு ஏதுமில்லை என்று தெளிந்தார். இவற்றுக்குப் பத்து நிமிடங்கூடச் செல்லவில்லை.

பெற்றோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். டீசல் எஞ்சினுக்கு அது வேண்டா. உருளைக்குள் புகுந்த காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கப்பட்டுக் கடுஞ்சூடு அடைகிறது. அச்சூட்டிலே டீசல் பனித்திவலைபோலத் தெளிக்கப்பட்டதும் தானே தீப்பற்றுகிறது. றுடோல்ப் டீசல் என்னும் பொறியியலாளர் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் 1897 இல் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை இதுவே. இவ்வழுத்தத்தைத் தாங்கும்படி அதன் உடல் கனமாக வார்க்கப்படுகிறது. ஆதலால் நெடுங்காலம் உழைக்கிறது. ஆயினும் டீசலைத் தெளிக்கும் பம்பும் இன்ஜெக்டர்களும் மிக நுண்ணியவை. இத்தகைய பழைய பம்புகளுக்கு டீசலே மசகுமாகும். அதிலே நீர் கலந்தால் தேய்வும் துருவும் விரைவில் வந்து சேரும்.

முறிகண்டியில் வண்டி நின்றது. ஏ9 வீதியாற் செல்வோர் அங்கே பிள்ளையாரை வணங்காமற் கடப்பது அரிது. தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிய பின், அண்ணை டீசல் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்திச் சிறிதளவு டீசலைப் போத்தலொன்றிற் பிடித்தார். போத்தலின் அடியிலே சில நீர்த்துளிகள் முத்துப்போல் உருண்டு நின்றன.

“2022 இல டீசலுக்கு வரிசையில நிண்ட காலம் தெரியுந்தானே, மாஸ்டர். கானிலும் பரலிலும் கிடந்ததையெல்லாம் ஊத்தி ஓடினம். தண்ணி கலந்த டீசல் எத்தினை பம்பைத் திண்டது!”

கண்டியைத் தாண்டிக் கம்பளை கடந்ததும் வீதி வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியது. புசல்லாவையில் இருமருங்கும் தேயிலை, காற்றிலே ஈரக்குளிர், எஞ்சினின் ஓசையோ கனத்தது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தால் டீசல் முற்றாக எரியாது கரும்புகையாகும். காற்று வடிகட்டியிலே வன்னித் தூசியும் அடைந்திருந்தால் வண்டி மூச்சுத் திணறும். நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது என்று பொருள்.

அவ்வுயரத்தில் நீர் 94 பாகை செல்சியசளவிலே கொதிக்கும். றேடியேற்றரின் மூடி உள்ளழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. மூடியின் இறப்பர் வளையம் நைந்துவிட்டாலோ நீர் கொதித்து வெளியேறும்.

109 மீற்றர் உயரமுடைய றம்பொடை நீர்வீழ்ச்சியைக் கண்டு மகிழும் வேளையிலே, வீதியோரம் வான் ஒன்று ஆவி கக்கி நிற்கக் கண்டோம். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் அருகே நின்றது. இளஞ்சாரதி துணியோடு றேடியேற்றரை நெருங்கினார்.

“தம்பி, மூடியில கை வையாதை!” என்று கூவியபடியே அண்ணை இறங்கி ஓடினார்.

அரைமணி நேரம் ஆறவிட்ட பின்பே மூடி திறக்கப்பட்டது. நீர்க்குழாயொன்று வெடித்திருந்தது. அவர் தம்மிடமிருந்த துண்டுக் குழாயைப் பூட்டி, நீர் நிரப்பிக் கொடுத்தார். அக்குழாயின் வெடிப்பு ஒருநாளில் வந்ததன்று. காலையில் ஒருமுறை கைவைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஏற்றத்திலும் இறக்கமே அஞ்சத்தக்கது. 2025 மே 11 அன்று இவ்வீதியிலே கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்விடத்தைக் கடக்கையில் நாங்கள் இருவரும் பேசவில்லை.

மறுநாள் சுமையோடு திரும்பியபோது அண்ணை பிரேக்கை விட்டுவிட்டே மிதித்தார்; கியரே வண்டியைப் பிடித்து நிறுத்தியது.

“ஏறின கியரிலதான் இறங்கவும் வேணும், மாஸ்டர்.”

ஓயாது பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். டீசலை மிச்சம் பிடிக்க எண்ணிச் சிலர் எஞ்சினை நிறுத்திவிட்டு உருளவிடுகின்றனர். இது உயிரோடு விளையாடுவதாகும். இத்தகைய டீசல் வண்டிகளில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடத்தை எஞ்சினாற் சுழலும் சிறு பம்பு ஒன்றே உண்டாக்குகிறது. எஞ்சின் நின்றால் அத்துணை சில மிதிகளிலே தீர்ந்துவிடும். பின்பு பிரேக் கல்லாய் இறுகும்.

முப்பது வயது வண்டி எங்களைப் பழுதின்றி வீடு சேர்த்தது. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றியும், 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ரைமிங் பெல்ட்டை மாற்றியும் அவர் பேணிவந்ததன் பயன் அது. அந்த பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே பாழாகும்.

விடுமுறையில் பிள்ளைகளோடு மலைநாடு செல்ல வாடகை வண்டி பேசும் அன்பர்கள், கூலியையும் இருக்கைகளையும் மாத்திரம் கேட்டு அமையாது, புறப்படுமுன் எஞ்சினின் மூடியைச் சாரதி திறந்து பார்க்கிறாரா என்பதையும் கவனிப்பார்களாக. திறவாவிடின் திறக்கும்படி கேளுங்கள். நல்ல சாரதி அதற்காகக் கோபிக்கமாட்டார்.