கடைமடைக்கும் தண்ணீர் வரணும்!

திருவையாறு பக்கம் ஒரு கிராமம். அந்த இளைஞருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆனாலும் கம்ப்யூட்டரில் அவர் விரல்கள் அத்தனை வேகமாக ஓடும். மௌஸைத் தொடவே மாட்டார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் 'என்.வி.டி.ஏ.' என்ற இலவச மென்பொருள்தான் துணை. 2006-ல் அதை உருவாக்கத் தொடங்கிய ஆஸ்திரேலியரான மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான்.

அன்று சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். அப்பாவுக்காக ஓர் இணையப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். டேப் கீயை அழுத்த அழுத்த, ஒவ்வொரு பெட்டியின் பெயரும் காதில் விழுந்தது. 'நடவு தேதி' வந்ததும் என்டர் தட்டினார். காலண்டர் திறந்தது. ஆனால், காதில் சத்தமே இல்லை. மறுபடி டேப் அழுத்தினால், காலண்டருக்குப் பின்னால் இருந்த பெட்டிகளையே வாசித்தது. அரை மணி நேரம் போராட்டம். கடைசியில், பக்கத்து வீட்டுப் பையனின் செல்போனில் முதலிலிருந்து நிரப்பினார்கள். அப்பாவின் வங்கிக் கணக்கு எண்ணைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்படி என்னடா கோளாறு?" என்றார் அப்பா.

"நாம தட்டுற எழுத்து ஒரு நேரத்துல ஒரு பெட்டிக்குத்தான் போகும்ப்பா. எந்தப் பெட்டிக்குங்கறதுதான் ஃபோகஸ். நம்ம வாய்க்கால் மடை மாதிரி. டேப் அழுத்தினா அடுத்த மடை. ஷிப்ட்டோட சேர்த்து அழுத்தினா முந்தின மடை. காலண்டர் திறந்தா மடையை அதுக்குள்ள திருப்பணும். மூடினா பழைய இடத்துக்கே கொண்டுவரணும். இதை எழுதினவர் திருப்பலை. மௌஸ் பிடிக்கிறவங்களுக்கு அது தெரியவே தெரியாது."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தலைமடைக்காரனுக்கு என்னைக்குடா கடைமடை காயறது தெரிஞ்சிருக்கு?" என்றார்.

டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பார்வையற்றவர்களுக்கு மட்டுமல்ல, கை நடுங்கி மௌஸ் பிடிக்க முடியாத பெரியவர்களுக்கும் கீபோர்டுதான் வழி. அழகாக இல்லை என்று, ஃபோகஸ் இருக்கும் பெட்டியைச் சுற்றித் தெரியும் கோட்டைச் சிலர் எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அந்தக் கோடுதான் அடையாளம்.

இப்போது அந்த இளைஞரே புரோகிராமிங் படிக்கிறார். நண்பர்கள் எதையாவது எழுதிக்கொண்டு வந்தால், முதல் வேலையாக மௌஸின் ஒயரைப் பிடுங்கிவிடுகிறார்.

"இப்ப ஓட்டிக் காட்டு, பார்ப்போம்!"