துவையும் த்வெத்தாவும்

சுவீடிய மொழியில் கழுவுதல், துவைத்தல் இரண்டிற்கும் ‘த்வெத்தா’ என்பர். கேட்டதும் நம் ‘துவை’க்கு உறவோ என உள்ளம் துள்ளும். ஒலியொப்புமை உறவாகாது. பழைய நார்சு மொழியில் கழுவுதலைக் குறித்த ‘த்வா’ என்பதன் வழிவந்தது அது. சோப்பைக் குறிக்கும் ‘த்வோல்’ அதன் இனச்சொல். அம்மூலவினை இன்று அன்றாட வழக்கிழந்து, பொறுப்பைக் ‘கைகழுவுதல்’ என்னும் தொடரிலேதான் பெரும்பாலும் வாழ்கிறது.

நம் ‘துவை’யோ அடித்தல், இடித்தல் என்னும் பொருளது. கல்லில் அடித்தது துவைத்தல். அம்மியில் இடித்தரைத்தது துவையல். வெளிமாநிலத்தில் வளரும் என் மகள் துவைகல்லைக் கண்டதில்லை. “துணியை வாஷ் பண்ணட்டுமா?” என்கிறாள். துவையலை மட்டும் விரும்பிக் கேட்கிறாள். அம்மூலவினையைப் போல் ‘துவை’யும் எங்கள் வீட்டில் தட்டின் ஓரத்தில்தான் எஞ்சுமோ? நேற்றுமுதல் நான் அவளிடம், “துவைத்துப் போடம்மா” என்றே சொல்லி வருகிறேன்.