மாசா மாசம் கட்டி, வேண்டாதபோது நிறுத்திக்கலாமா? கார் இன்சூரன்ஸ் பற்றி ஒரு கணக்கு



இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். துபாயிலிருந்து வருஷத்துக்கு மூன்று மாதம் ஊருக்கு வரும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், வண்டி ஒன்பது மாசம் ஷெட்லயே கிடக்கு. மாசா மாசம் கட்டுற மாதிரி இன்சூரன்ஸ் இருந்தா, ஊருக்குப் போறப்ப நிறுத்திட்டுப் போயிரலாம்ல?" தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நேரடி பதில். நம் நாட்டில் ஹெல்த் இன்சூரன்ஸுக்கு மாதத் தவணை உண்டு. கார் இன்சூரன்ஸ் பொதுவாக வருஷக் கட்டுதான். 1938-ஆம் வருஷ இன்சூரன்ஸ் சட்டத்தில் 64-விபி என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி பொறுப்பை ஏற்கக்கூடாது என்பது அதன் சாரம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய கண்மாய் நம்முடையது. ஐப்பசி மழைக்கு முன்னாடி கரையைப் பலப்படுத்த ஆளுக்கொரு பங்கு போட்டால்தான் கரை நிற்கும். "தண்ணி வந்தா தர்றேன், வராட்டி வேண்டாம்" என்று ஒவ்வொருவரும் சொன்னால், உடையும் அன்றைக்குக் கையில் மண்வெட்டி கூட இருக்காது. இன்சூரன்ஸும் அந்த மாதிரி ஊர்ப் பங்குதான்.

"சார், நான் இ.எம்.ஐ.யில கட்டுறேனே" என்பீர்கள். அது கிரெடிட் கார்டு பேங்க் உங்களுக்குக் கொடுக்கும் கடன். கம்பெனிக்கு முழுப் பணமும் அன்றைக்கே போய்விட்டது. பாலிசியை நடுவில் நிறுத்தினாலும் தவணை நிற்காது, வட்டியும் நிற்காது. லண்டனில் மாதம் மாதம் கட்டும் என் அக்கா மகனுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே மாதத் தவணை சாதாரணமாகக் கிடைக்கிறது, ஆனால் பெரும்பாலும் அது வட்டி சேர்ந்த கடன். பேங்கில் தவணையை நிறுத்தினால் பாலிசி ரத்தானதாக ஆகாது. கம்பெனிக்கு முறைப்படி சொல்ல வேண்டும், ரத்துக் கட்டணமும் இருக்கும். நடுவில் கிளைம் வாங்கியிருந்தால் வருஷத்துப் பாக்கி முழுவதையும் கேட்பார்கள்.

சரி, வருஷத்துக்குக் கட்டிவிட்டு நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும்? கரும்பலகைக் கணக்காகவே போடுவோம்.

வரி போக பிரீமியம் 7,300 ரூபாய். 365-ஆல் வகுத்தால் நாளைக்கு 20 ரூபாய். 146 நாள் ஓட்டிவிட்டு நிறுத்துகிறீர்கள். மீதி 219 நாள். 219 × 20 = 4,380 ரூபாய்.

பழைய மோட்டார் டாரிஃப் அட்டவணையில் இப்படி நாள் கணக்கு கிடையாது. ஒரு மாதம் ஓட்டினாலே 20 சதவீதம் கம்பெனிக்கு. நாலு மாதம் தாண்டி ஐந்துக்குள் என்றால் 60 சதவீதம். எட்டு மாதம் தாண்டினால் ஒன்றும் வராது. அந்தக் கணக்கில் நமக்குக் கிடைப்பது 2,920 ரூபாய்தான். 2024 ஜூன் 11-ஆம் தேதி ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கைதான் நமக்கு நல்லது செய்தது. காரணம் சொல்லாமலே பாலிசியை ரத்து செய்யலாம், ஓடாத நாட்களுக்கு உரிய பங்கைத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தப் பாலிசி காலத்தில் கிளைம் வாங்கியிருக்கக் கூடாது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பிள்ளைகளே, இந்த 4,380 ரூபாய் சின்ன விஷயம். பெரிய விஷயம் இனிமேல்தான்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் காரை விற்றுவிட்டது உங்களில் பலருக்குத் தெரியும். வாங்க வந்தவர் தொண்டிப் பக்கத்துத் தம்பி. நடுவில் இருந்த புரோக்கர் சொன்னார்: "சார், பார்ம் 29, 30-ல கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க. இன்சூரன்ஸ உடனே கேன்சல் பண்ணி மீதிப் பணத்த வாங்கிக்கங்க. பேரு மாத்துறத நாங்க பாத்துக்கிறோம்."

நான் முடியாது என்றேன். காரணம், என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பர். கையெழுத்து மட்டும் போட்டு பைக்கை விற்றவர். வண்டி எத்தனை கை மாறியதோ, மூன்று வருஷம் கழித்து விபத்து இழப்பீட்டு வழக்கில் அவர் வீட்டுக்குச் சம்மன் வந்தது. ஆர்.சி.யில் அவர் பெயர், வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. ரிட்டையர்மென்ட் பணத்தை வக்கீலுக்கும் வாய்தாவுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. விற்று, பல கை மாறிப் போன ஒரு காரின் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. "எப்பவோ வித்துட்டேன்" என்ற பேச்சு எடுபடாது.

இப்போது கூட்டிப் பாருங்கள். பெயர் மாறும் முன்னால் இன்சூரன்ஸ் போய்விட்டால், ஒருவர் உயிருக்கான இழப்பீடு நம் தலையில் விழும். 1000 முதல் 1500 சி.சி. காருக்கு 2022 ஜூனில் வந்த விகிதப்படி மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய். அந்தத் தொகைக்கு, அடுத்தவர் உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பே இல்லாமல் கம்பெனி பொறுப்பேற்கிறது. அதனால்தான் வேறு பாலிசி போட்டதற்கு ஆதாரமோ, பதிவே ரத்தானதற்கு ஆதாரமோ இல்லாமல் அதை ரத்து செய்யக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். குறுக்கு வழியில் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள்.

நான் செய்த வரிசை இது. நானும் அந்தத் தம்பியும் ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் மனுக் கொடுத்தோம். அவர் பெயரில் ஆர்.சி. வந்தது. அவர் பெயரில் புதுப் பாலிசியும் போட்டார். இரண்டின் நகலையும் வைத்துத்தான் என் பாலிசியை ரத்து செய்ய எழுதிக் கொடுத்தேன். இதற்கு 20 நாள் ஆனது. நாளைக்கு 20 ரூபாய் வீதம் 400 ரூபாய் குறைந்தது. புரோக்கர் சிரித்தார். அந்த 400 ரூபாய்க்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்னொரு வழியும் உண்டு. நம் பாலிசியையே வாங்குபவர் பெயருக்கு மாற்றலாம். 14 நாளுக்குள் அவர் கம்பெனிக்கு எழுத வேண்டும். நடுவில் கிளைம் வாங்கி, ரத்து செய்தாலும் பணம் வராது என்பவர்களுக்கு இதுதான் சரி. மீதி நாட்களைச் சொல்லி விலையில் கூட்டிக் கேட்கலாம்.

எந்த வழியானாலும் நோ கிளைம் போனஸை விட்டுவிடாதீர்கள். அது வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும். விற்கும்போது அதற்குச் சான்றிதழ் கேட்டு வாங்கினால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும். புதுக் காரின் சொந்தச் சேதப் பிரீமியம் 20,000 என்றால் பாதி மிச்சம். திரும்ப வரும் பணத்தைவிட இது பெரிது.

இனி துபாய்த் தம்பிக்கு. வண்டியை விற்கவில்லை என்றால் இன்சூரன்ஸை நிறுத்தாதே அப்பா. காலாவதியாகி 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த போனஸ் போய்விடும். 2018 கஜா புயலில் நின்றிருந்த வண்டிகள் மேல்தான் எத்தனை மரம் விழுந்தது. அதோடு, ராத்திரி அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் உன் அண்ணன் மகன் சாவியை எடுக்க மாட்டானா? அந்த நேரத்தில் பாலிசி தேதியை யார் பார்ப்பார்கள்? செலவு குறைய வேண்டுமானால், ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் திட்டத்தை 2022 ஜூலையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்திருக்கிறது. அடுத்த புதுப்பிப்பின்போது உன் கம்பெனியில் அது உண்டா என்று கேள்.

வண்டி விற்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு போன் பண்ணுங்கள். காலையில் பேப்பர் படித்து முடித்தபின் நான் சும்மாதான் இருக்கிறேன். கணக்கில் எங்காவது தப்பு இருந்தால் முன்பெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்துச் சொல்லலாம், மார்க் உண்டு.

எல்லோரும் நல்லா இருங்கள். வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.